நிமிடத்துக்கு இருபது சொல்

பிரசீதாவின் வலது மணிக்கட்டு அவளுக்கு முன்பே எழுந்துவிடும். அவள் கண் திறப்பதற்குள் அது விண்ணென்று ஒரு தெறி தெறித்து, தான் ஆஜர் என்று சொல்லிவிடும். மற்ற உறுப்புகள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக, அரசு அலுவலகத்துக்கு வருகிறவர்களைப் போல, வந்து சேரும்.

பகலில் அவளுக்குக் கேரள எல்லையோரத்து உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு சேவை மையத்தில் வேலை. பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை மெஷினில் விரல் வைத்து நிரூபிக்க வேண்டும் அல்லவா, அந்த விரல்களைப் பிடித்து மெஷினில் வைப்பவள் அவள். ரப்பர் வெட்டியும் மண் கொத்தியும் ரேகை தேய்ந்துபோன விரல்கள். எதிரே ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாலும், உயிரோடு இருப்பதை மெஷின் லேசில் ஒப்புக்கொள்ளாது. "இன்னொருக்கா அமுக்குங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி, அடுத்தவர் விரலைத் தன் விரலால் அழுத்தி அழுத்தியது போக, சாயந்தரம் அவள் கையில் மிச்சமிருக்கும் பலத்தைச் சங்கம் வந்து எடுத்துக்கொள்ளும்.

சங்கம் என்றால் தென்னெல்லைப் பேரிடர் வானொலிச் சேவைச் சங்கம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிறிய பேரிடர் வந்து போய்விடலாம். ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடையின் மாடியில் ஓர் அறை. கீழேயிருந்து வரும் புகைபோட்ட ஷீட்டின் வாசத்தில் அங்கே நிரந்தரமாக ஏதோ அழுகிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், புரவலர், ஆலோசகர் என்று சங்கத்தில் எல்லோருக்கும் பதவி உண்டு. பதவி இல்லாத உறுப்பினர் பிரசீதா ஒருத்திதான். அதனால் வேலை செய்ய ஓர் ஆள் இருந்தது.

தலைவர் பெயர் சுயம்பு. பெயருக்கேற்றபடி தானாகவே தோன்றிய தலைவர். யாரும் தேர்ந்தெடுத்ததாகத் தகவல் இல்லை. வாலிபத்தில் இரண்டு வருடம் கப்பலில் இருந்தவர். என்ன வேலையில் இருந்தீர்கள் என்று கேட்டால் கடலின் ஆழத்தைப் பற்றிச் சொல்லுவார்.

சங்கத்தின் நோக்கம் உயர்ந்தது. புயலடித்து மொபைல் டவரெல்லாம் படுத்துவிட்டால், கடலோரத்துத் திருப்புறத்துக்கு இங்கிருந்து மோர்ஸில் செய்தி போக வேண்டும். குட்டையாக ஒரு 'டிட்', நீட்டி ஒரு 'டா'. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்து அத்தனையையும் சொல்லிவிடலாம். பிரசீதா இங்கே மோர்ஸ் தட்டும் கருவியான கீயை அடிப்பாள். திருப்புறத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் வினீத் தன் கடையிலுள்ள வயர்லெஸ் செட்டில் அதைக் கேட்டு எழுதுவான். தப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காக, அனுப்ப வேண்டிய செய்தியைத் தலைவர் முந்தின நாளே டைப் அடித்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுவார். பிரசீதா அடித்து முடித்ததும் வினீத் தலைவரின் மொபைலில் கூப்பிட்டு, "நூறு சதமானம் சார்" என்பான், அதாவது நூற்றுக்கு நூறும் சரி. மொபைல் இல்லாத காலத்துக்கான ஒத்திகை இப்படியாக மொபைலில் நிறைவுபெறும்.

இரண்டு வருடமாக நூறு சதமானம். அதற்கு ஒரு குறைவும் வந்ததில்லை. ஆகவே தலைவருக்கு வேகத்தைத் தவிரக் கவனிக்க வேறொன்றும் இருக்கவில்லை. கையில் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பேப்பர் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறதோ அவ்வளவு வேகம். பத்து சொல்லில் தொடங்கிய பிரசீதா பன்னிரண்டு, பதினைந்து என்று ஏறி, இப்போது பதினெட்டில் மணிக்கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டுவிழாவுக்கு தாசில்தார் மேடம் வாறாங்க" என்றார் தலைவர். "இருபது. நிமிஷத்துக்கு இருபது சொல். அதுல ஒண்ணு குறையப்பிடாது, ஒரு விட்டுவீழ்ச்சையும் கிடையாது, கேட்டியா மக்கா?"

"சார், கை நோவுது. அதுமில்லாம, வேகத்துல எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதோன்னு எனக்கு ஒரு சம்சயம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல்ல. அதாக்கும் சம்சயம்."

"அவன்தான் நூறு சதமானம்னு சொல்லுதானே. பின்ன என்ன? இஞ்ச பாரு, நான் கப்பல்ல இருந்தப்பம்..."

கப்பல் வந்துவிட்டால் பேச்சு கரை சேராது. பிரசீதா மறுபடி கீயில் கை வைத்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தான் அடிப்பது அங்கே எழுத்தாகப் போய்ச் சேர்கிறதா? இல்லையென்றால் எங்கே பிசகுகிறது? இதை ஒரு மனிதர் காதால் கேட்டுச் சொன்னால் போதும். பாராட்டு வேண்டாம். பொன்னாடை வேண்டவே வேண்டாம். போன வருடம் போர்த்தியது நைலான், அலமாரியில் இன்னும் அரிக்கிறது. சேவை மையத்தில் காலை முதல் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுகிறாள்; அதைப் பாதியில் வெட்டாத ஆள் ஒருவர்கூட இல்லை. எதிராளி குறுக்கே பேச முடியாத ஒரு பேச்சு உலகத்தில் உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் இந்த மாடிப்படி ஏறினாள். ஏறி வந்த பிறகு, எதிராளி இருக்கிறானா என்பதே தெரியாமல் போயிற்று.

ஒரு தடவை மொபைலில் மோர்ஸ் படிக்கும் ஆப் ஒன்றை இறக்கி, அதன் முன்னால் அடித்துப் பார்த்தாள். அது பூனை நடந்த கீபோர்டு மாதிரி எதையோ எழுதிக் காட்டியது. தலைவரிடம் காட்டினாள். "மெஷினுக்கு மனுஷன் கை மனசிலாவாது" என்று அவர் முடித்துவிட்டார். பகலெல்லாம் மெஷினுக்கு மனுஷ விரல் மனசிலாகாமல் அவதிப்படுகிறவள் என்பதால் அவளாலும் அதை மறுக்க முடியவில்லை.

வீட்டில் அவள் புருஷன் தாணுமாலயன் அந்தக் கையை மடியில் வைத்து முறிவெண்ணெய் தேய்த்துவிடுவான். பஸ் டிப்போவில் மெக்கானிக். எண்ணெயை அளந்து விடும் பழக்கம் அவனுக்கு இல்லை. மெத்தை, தலையணை எல்லாம் பணிமனை வாசம் அடித்தது.

"இது என்னத்துக்குள்ள கூத்து பிள்ளே? உனக்கு அங்க சம்பளம் உண்டா?"

"இல்ல."

"சாயா?"

"தலைவருக்கு மட்டும்."

"பின்ன?"

"இருபது ஆகணுமாம், நிமிஷத்துக்கு."

"எங்க டிப்போ பஸ்ஸும்தான் அறுபதுல போவும். பிரேக்கு பிடிக்காதுங்கது வேற காரியம்" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் மணிக்கட்டின் உள்பக்கம் அழுத்தினான். அவளுக்கு உயிர் போய் வந்தது. "இஞ்சதானே? இதுக்கு ரெஸ்டு கொடுக்கணும். ஒருமாசம் தொடப்பிடாது. போல்ட்டு தேஞ்ச பின்னயும் முறுக்கினா மொத்தமும் போவும்."

"ஆண்டுவிழா கழியட்டும்."

"அங்க இருக்கவன் கேக்கானா, அதையாவது கேட்டியா?"

அதைத்தானே இரண்டு வருடமாக அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆண்டுவிழாவுக்குச் சில வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்புறத்து செட்டுக்குப் புது பேட்டரி கொண்டுபோகும் பொறுப்பு அவளிடம் வந்தது. பதவியில் இருக்கிறவர்கள் பேட்டரி தூக்கக் கூடாது என்று சங்க விதியில் எங்கோ இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறி, பேட்டரியை இடுப்பில் பிள்ளையைப்போல் இடுக்கிக்கொண்டு வினீத்தின் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு அங்கன்வாடிக்கு அடுத்த கட்டிடம். உள்ளே வினீத் ஒரு போனின் முதுகைப் பிளந்து வைத்து அதற்குள் ஊதிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க சேச்சி. இப்பம்தான் தலைவர் அடிக்க ஆரம்பிச்சிருப்பாரு. ஞாயிற்றுக்கிழமை அவருக்க ஸ்பெஷல் உண்டல்லோ, முப்பது ஸ்பீடு."

செட் அலமாரியின் மேல் இருந்தது. அதன் சின்ன விளக்கு படபடவென்று மின்னியது. அங்கே தலைவர் முப்பதில் பறந்துகொண்டிருந்தார் போலும். ஆனால் சத்தம் இல்லை. பிரசீதா எக்கிப் பார்த்தாள். சத்தத்துக்கான திருகு அடிவரை குறைத்து வைக்கப்பட்டிருந்தது.

விளக்கு நின்றது. வினீத் போனை எடுத்தான். செட்டின் அடியில் சொருகியிருந்த டைப் அடித்த பேப்பரை ஒரு பார்வை பார்த்தான். "நூறு சதமானம் சார்" என்றான். வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் பிரசீதாவின் முகத்தைக் கவனித்தான்.

"அது... கஸ்டமர்மாரு சண்டை போடுதாங்க சேச்சி. கீ கீன்னு சத்தம். ஒருத்தரு டிஸ்ப்ளே மாத்த வந்தவரு தலைவலின்னு எழும்பிப் போயிட்டாரு."

"எப்பவுமே இப்படித்தானா?"

"தலைவர் அடிச்சா யாருக்கும் மனசிலாவாது. அவருக்கே மனசிலாவுமான்னு எனக்கு சம்சயம். எப்படியும் பேப்பர் உண்டல்லோ."

"நான் அடிச்சா?"

வினீத் திறந்து கிடந்த போனுக்குள் எதையோ தேடினான். "சேச்சி அடிச்சாலும் பேப்பர் உண்டு."

பிரசீதா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கும் கொஞ்சம் பலம் வேண்டுமே. கை மட்டும் விண்விண்ணென்றது. இரண்டு வருடமாக அந்தக் கை வலித்துக்கொண்டே அனுப்பியதெல்லாம் ஒரு மொபைல் கடையின் அலமாரி மேல் சின்ன விளக்காக மின்னி அணைந்திருக்கிறது. கார்த்திகை விளக்குக்குக்கூட நாலு பேர் நின்று பார்ப்பார்கள்.

"உனக்கு எழுத்து தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. அந்தா, அது உண்டு." சுவரைக் காட்டினான்.

சார்ஜர்கள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் சங்கத்தின் ஃப்ளெக்ஸ் பேனர். மோர்ஸ் எழுத்து அட்டவணை என்று தலைப்பு. முக்கால் பங்கு இடத்தில் தலைவர் தொப்பி வைத்துக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்தார். மிச்சமிருந்த ஓரத்தில் எழுத்துகளும் அவற்றின் புள்ளி கோடுகளும் நெருக்கியடித்து நின்றன. கடைசி வரிசை, இடம் போதாமல் தலைவரின் இடுப்புக்குக் கீழே இறங்கி, போனில் ஒட்டும் கண்ணாடி டப்பாக்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"வினீத், எனக்கு ஒரு காரியம் செய்யி. ஆண்டுவிழா அன்னைக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வை. பேப்பர்ல உள்ளதை அடிச்ச பின்னால, பேப்பர்ல இல்லாத ஒரு சொல்லு அடிப்பேன். ஒரே ஒண்ணு. சின்னதாக்கும். கேட்ட புள்ளியும் கோடும் அப்படியே குறிச்சு வச்சு, பிறவு பேனரைப் பார்த்து என்ன சொல்லுன்னு எனக்குச் சொல்லணும்."

"சேச்சி, இருபது ஸ்பீடுல வந்தா எனக்கு ஒரு கோடுகூட எழுதக் கிடைக்காது."

"பைய அடிக்கேன். நீ சொல்லுத அளவுக்குப் பைய."

"எதுக்கு சேச்சி இதெல்லாம்? நூறு சதமானம் சொல்லுதேனே."

"அதுக்குத்தான்."

வினீத் தலையைச் சொறிந்தான். பேட்டரி சுமந்து வந்த பெண்பிள்ளை கேட்கிறாள், மறுக்க மனம் வரவில்லை. "செரி. ஒரு சொல்லுதானே" என்றான்.

அதன்பிறகு பிரசீதாவுக்கு இரண்டு பயிற்சிகள் ஆயின. மாடியறையில் தலைவருக்காக வேகம். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஸ்டீல் கரண்டியைத் தட்டி நிதானம். நிதானம் சுலபம் என்று நினைத்திருந்தாள். வேகமாகப் போகும்போது எல்லாத் தப்பும் புழுதியோடு பின்னால் போய்விடுகிறது. மெதுவாகப் போனால் ஒவ்வொன்றும் நின்று முகத்தைப் பார்க்கிறது. கோடு புள்ளியைவிட எவ்வளவு நீளம், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே எவ்வளவு மௌனம், சொல்லுக்கும் சொல்லுக்கும் எவ்வளவு. இரண்டு வருடமாகக் கைக்கு வேகம் ஏற்றியவர்கள் மௌனத்தை எப்படி அடிப்பது என்று சொல்லித் தரவில்லை. தெரிந்திருந்தால் அல்லவா.

"நேத்து ஆம்புலன்ஸ், இன்னைக்கு மாட்டுவண்டியாக்கும்" என்றான் தாணுமாலயன், தட்டில் சோறு போடக் கரண்டி கிடைக்காமல்.

ஆண்டுவிழா ஜங்ஷனிலுள்ள ஒரு கல்யாண மண்டபத்தில். காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு நின்றது. பேரிடர்ச் சங்கத்தின் விழாவில் மழை பெய்துவிடக் கூடாதே என்று பொறுப்பாளர்கள் அத்தனை பேரும் கவலைப்பட்டார்கள்.

தாசில்தார் தாமதமாக வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். காலையில் திருப்புறத்து அங்கன்வாடியில் கூரை ஒழுகுவதைப் பார்த்துவிட்டு வருகிறார். அவரை இறக்கிவிட்டு, சர்வேயரை ஏற்றி வர ஜீப் மறுபடி திருப்புறத்துக்கே போயிருந்தது. மேடை நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் செருப்பிலிருந்து குதிகாலை மெல்லக் கழற்றிக்கொண்டதைக் கீழே கீயும் செட்டும் வைத்த மேஜையருகே இருந்த பிரசீதா பார்த்தாள். அந்தக் குதிகாலோடு அவளுக்கு உடனே ஓர் உறவு ஏற்பட்டது.

துணைத் தலைவர் பேசினார். புரவலர் பேசினார். ஆலோசகர், தான் ஆலோசனை சொல்ல வந்ததாகச் சொல்லி, சொல்லாமல் உட்கார்ந்தார். பிறகு தலைவர். மொபைல் டவர் சாயும், இன்டர்நெட் அறும், கரண்டு போகும், உலகமே ஊமையாகும், அப்போது ஒரே ஒரு விரல் மட்டும் பேசும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அந்த விரல் யாருடையது என்று சொல்ல மறந்தார். முடிவில், "இதோ, நிமிஷத்துக்கு இருபது சொல் வேகத்தில், நம்முடைய செய்தி திருப்புறம் போகிறது" என்று பேப்பரை உயர்த்திக் காட்டித் தாசில்தாரிடம் நீட்டினார். சுயம்பு அவர்களின் ஆற்றல்மிக்க தலைமையிலான சங்கம் திருப்புறம் மக்களை வாழ்த்துகிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆற்றல்மிக்க என்பதற்குப் போட்டிருந்த 'டைனமிக்' என்ற சொல்லுக்குத்தான் பிரசீதாவின் மணிக்கட்டு மாதக்கணக்காக விலை கொடுத்திருந்தது.

தாசில்தார் அதைப் படித்தார். மடித்தார். வெளியே இடி உறுமியது. அவர் மலையாளத்தில்தான் பேசினார், சொன்னது இதுதான்:

"இதை இன்னொரு நாள் அனுப்பலாம். காலையில் என் குடையை அந்த அங்கன்வாடி ஜன்னலில் விட்டுவிட்டு வந்தேன். ஜீப்பில் கொடுத்து அனுப்பச் சொல்லி இப்போது ஒரு செய்தி போட முடியுமா?"

தலைவரின் கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போனது. "அதுக்கென்ன மேடம், டிரைவருக்கு ஒரு போன்..."

"ஓட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டார். அது நான் போட்ட உத்தரவு. அதோடு, போன் இல்லாமல் அனுப்புவதற்குத்தானே நீங்கள் இவ்வளவு நேரம் பேசியது?"

தாசில்தார் அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதி பிரசீதாவிடம் கொடுத்தார். கறுப்புக் குடை, அங்கன்வாடி ஜன்னல், ஜீப்பில் அனுப்பு. வாழ்த்து இல்லை, ஆற்றல் இல்லை. தலைவரின் முகம் புகை போடாத ஷீட்டைப்போல் வெளுத்தது.

பிரசீதா கீயின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு சொல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தவளுக்கு எல்லாமே பேப்பரில் இல்லாத சொற்களாக வந்து வாய்த்தன. இருபதில் அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு எழுந்துபோகலாம்; கைதட்டு கிடைக்கும்; குடை வராது. வினீத் வால்யூமைக் கூட்டி வைத்தானா, இல்லை வழக்கம்போல் யாருடைய போனுக்குள்ளாவது ஊதிக்கொண்டிருக்கிறானா, அதுவும் தெரியாது.

சாப்பாட்டு மேஜையில் அடித்த மாதிரியே அடித்தாள். ஒரு எழுத்து. பிறகு, அவன் குறித்துக்கொள்ளும் அளவுக்கு மௌனம். அடுத்தது.

"ஸ்பீடு, ஸ்பீடு" என்று தலைவர் பல்லுக்கு இடையில் சொன்னார். "எலே, இது என்ன அடி? மானம் போவுது பிள்ளே!"

"சார், பேசாதீங்க. விட்டுப்போவும்."

தலைவர் மேடைக்குப் பின்னால் போய் வினீத்துக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டார். சங்க வரலாற்றில் முதன்முறையாக வினீத் போனை எடுக்கவில்லை. தலைவர் வியர்த்துத் திரும்பி வந்து, "அவன் போனே எடுக்கல்லியே!" என்று செயலாளரிடம் சொன்னது மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது.

பிரசீதாவுக்கும் கேட்டது. அவன் கை வேலையாக இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. நினைப்புதான். செய்தியை முடித்து, முதலிலிருந்து மறுபடி அடித்தாள். அதன்பிறகு மூன்றாம் முறை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி இருந்தது. சபை கலைந்தது. முதலில் பின்வரிசை, பிறகு புரவலர், அதற்குப் பிறகு, சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், எல்லோரும். போகிற போக்கில் ஒருத்தர், "இதைவிட நடந்து போயி எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்று உரக்கச் சொன்னார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மேடையில் தாசில்தார் மட்டும் ஜீப் வராமல் போக வழியின்றி, கழற்றிய குதிகாலோடு கண் மூடி இருந்தார். கூட்டத்தில் உண்மையாகவே இளைப்பாறியவர் அவர் ஒருவர்தான்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார். அவர் தலைக்கு மேல் ஒரு கறுப்புக் குடை.

"மேடம், ஒரு மொபைல் கடைக்காரன் நடுரோட்டுல வந்து வண்டியை மறிச்சு, இதைத் தந்தான்" என்றார்.

தாசில்தார் கண் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, குடைக்குக் கை நீட்டினார். உலகத்தில் எல்லோரும் தங்கள் குடையை எப்படி வாங்குவார்களோ அப்படி. ஆனால் அதற்குள் தலைவர் நடுவில் பாய்ந்து குடையைக் கைப்பற்றி, மடக்கி, துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, "மேடம், ஒரு நிமிஷம், இஞ்ச பார்த்து" என்று அதைத் தாசில்தாருக்கு வழங்கினார். செயலாளர் மொபைலில் படம் எடுத்தார். சரியாக விழவில்லை என்று குடையைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை வழங்கினார். வாரம் முடிவதற்குள் ஜங்ஷனில் அந்தப் படம் ஃப்ளெக்ஸாக நின்றது. நிமிடத்துக்கு இருபது சொல் வேகத்தில் குடை மீட்டெடுப்பு என்று அடியில் போட்டிருந்தார்கள்.

தாசில்தார் வண்டியில் ஏறும் முன் பிரசீதாவின் பக்கம் திரும்பி, "கைக்கு என்ன?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். குதிகாலைப் பற்றிக் கேட்டிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள். தாணுமாலயன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து பாதி தேய்த்திருப்பான், போன் அடித்தது. வினீத்.

"சேச்சி, குடை வந்துதா?"

"வந்துது மக்கா. ரொம்ப சந்தோஷம்."

"பேனர்ல கடைசி வரிசைக்காக டப்பா மொத்தமும் இழுத்துத் தரையில போட்டாச்சு. அதுல தலைவர் வேற ரெண்டு தடவை போனு. யாரு எடுப்பா, கையில பேனா இருக்கு." கொஞ்சம் தயங்கினான். "சேச்சி, நூறு சதமானம் இல்ல, கேட்டேளா? மூணு தப்பு உண்டு."

பிரசீதா எழுந்து உட்கார்ந்தாள். எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்தது. தாணுமாலயன் பிடித்துக்கொண்டான்.

"மூணா? சொல்லு."

"ரெண்டு எனக்க தப்பு. நான் விட்டுட்டேன், நீங்க ரெண்டாம் மட்டம் அடிச்சப்பம் கிடைச்சாச்சு. ஒண்ணு உங்களுக்கது. அந்த 'பிளாக்'ல ஒரு 'சி' வருதுல்லியா? கோடு புள்ளி கோடு புள்ளின்னு ஒரே ஓட்டமா வரணும்னு பேனர்ல இருக்கு. நீங்க கோடு புள்ளி அடிச்சிட்டு, ஒரு மூச்சு விட்டு, பின்ன கோடு புள்ளி அடிக்கிய. மூணு மட்டமும் அப்படித்தான். எனக்கு அது ரெண்டு எழுத்தாட்டு வந்துது. என்ன கலர் குடைன்னு கடைசிவரை மனசிலாவல்ல. ஜன்னல்ல ஒண்ணுதான் கிடந்துது, எடுத்துட்டேன்."

பிரசீதா இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மெத்தையின் மேல் மெல்ல அசைத்துப் பார்த்தாள். கோடு. புள்ளி. அங்கேதான். இரண்டாவது கோட்டுக்குக் கை இறங்கும்போது அந்தத் தெறி வருகிறது. கை அதற்குப் பயந்து ஒரு கணம் நிற்கிறது. அது நிற்பது அவளுக்கே இதுவரை தெரியாது. எத்தனை மாதம் 'டைனமிக்' அடித்தாள். ஒவ்வொரு தடவையும் உடைந்துதான் போயிருக்கிறது. நூறு சதமானம்.

"சேச்சி, வருத்தமா?"

"இல்ல மக்கா" என்றாள். "வேற?"

"வேற எல்லாம் நல்லா கேட்டுது. பைய அடிச்சா சுகமாட்டு இருக்கு." அவன் சிரித்தான். "ஆமா, பேப்பர்ல இல்லாத ஒரு சொல்லு அடிப்பேன்னு சொன்னேளே. அது என்னவாக்கும்?"

"சொன்னா பின்ன என்ன காரியம்? அடிக்கேன். கேட்டு எழுது."

"நாளைக்கா?"

"நாளைக்கு வேண்டாம். கை வய்யா. இந்த மாசம் கழியட்டும். தலைவர்ட்டயும் சொல்லணும், இனி இருபதும் இல்ல பதினெட்டும் இல்லன்னு."

"ஒப்புக்கிடுவாரா?"

"கப்பலைப் பத்திச் சொல்லுவாரு."

போனை வைத்தாள். வெளியே மழை ஓட்டில் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தாணுமாலயன் கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"தப்புன்னு ஒருத்தன் சொல்லுதான். நீ என்ன பிள்ளே, கல்யாணத்துக்குத் தாம்பூலம் கிடைச்ச மாதிரி இருக்கிய?"

"அந்தக் கரண்டியை இஞ்ச எடுங்க."

"ஒருமாசம் தொடப்பிடாதுன்னு சொன்னேன்."

"இந்தக் கையால இல்ல." இடது கையை நீட்டினாள். "ஒரே ஒரு எழுத்து."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வந்து கொடுத்தான். கட்டில் சட்டத்தில் தட்டினாள். கோடு, புள்ளி, கோடு, புள்ளி. பழக்கமில்லாத கை, எழுத்து கோணலாக வந்தது. மறுபடி தட்டினாள். வலியே இல்லாத அந்தக் கையும் நடுவில் ஒரு கணம் நின்றது, பழக்கத்தில்.

"நின்னுது" என்றான் தாணுமாலயன், கிண்ணத்தை மூடிக்கொண்டே.

"கேட்டேன்" என்று சொல்லி, இன்னும் பைய, முதலிலிருந்து தட்டினாள்.